தோப்புக்குள் ஒரு ரயில்: சம்பள ஆள் இல்லாமல் பாதுகாப்பாக ஓட்ட முடியுமா?

தோப்புக்காரன் (காரிமங்கலம்):

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டிக்கு மொரப்பூர்ப் பக்கம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிய சின்ன ரயிலைப் பற்றிப் பேசாமல் அவருக்குப் பொழுது போகாது. இரண்டரை அடி அகலப் பாதை. 1906இல் போட்டது, 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்றுதான் அன்றைய சேலம் ஜில்லாவில் அந்தப் பாதையையும் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதையையும் போட்டார்கள். யுத்த காலத்தில், 1941இல், ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டிக்கு அப்போது பத்து வயசு. தண்டவாளம் போன அந்த மேட்டில் ஆடு மேய்த்திருக்கிறார்.

இப்போது மொரப்பூர்–தருமபுரிக்கு அகலப் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அது பெரிய ரயில், அரசாங்க வேலை. எங்கள் ஆசை வேறு. நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், இருவர் மெக்கானிக், ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர்கள் என்னைப் போல விவசாயமும் கடையும். நண்பர் ஒருவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 800 மீட்டருக்கு அதே இரண்டரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டு, சின்ன நீராவி இன்ஜினும் இரண்டு பெட்டியும் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்ட வேண்டும். காசுக்காக இல்லை. நம் ஊரில் ரயில் இப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

இடத்தில் இரண்டு சங்கடம். நடுவில் ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியும் டிராக்டரும் ஓட்டிப்போகும் வண்டிப்பாதை குறுக்கே போகிறது. கடைசி 150 மீட்டர் ஏரிப் பக்கம் சரிவு.

வெளிநாட்டில் தன்னார்வலர்களே பழைய ரயில்களை நடத்துகிறார்கள் என்று படித்திருக்கிறேன். சம்பளத்துக்கு ஆள் இல்லாமல், வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறவர்களை வைத்துப் பாதுகாப்பாக ஓட்ட முடியுமா? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

---

பாலக்கோட்டான்:

தம்பி, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் பாலக்கோட்டுக்காரன். வேலைக்காக வேல்ஸுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதில் ஒன்பது வருஷமாக, சனி ஞாயிறுகளில் இங்கே ஒரு குறுகிய பாதை ரயிலில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். முதல் மூன்று வருஷம் இன்ஜின் துடைத்தேன். அப்புறம் ஃபயர்மேன், அதாவது இன்ஜினில் தீயையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்கிறவன். இன்னும் டிரைவர் ஆகவில்லை.

முடியுமா என்றால், முடியும். உலகத்திலேயே முதலில் தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய ரயில் இதே வேல்ஸில் இருக்கிற டாலிலின். மலையிலிருந்து ஸ்லேட் கல் இறக்க 1865இல் திறந்த பாதை. 1950இல் உரிமையாளர் காலமானதும் மூடிவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது ஆர்வலர்கள் சங்கம் சேர்ந்து, 1951 மே 14 அன்று முதல் வண்டியை விட்டார்கள். இன்றும் ஓடுகிறது. அப்போது அவர்கள் கையில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரே இன்ஜின். பக்கத்தில் மூடிப்போன இன்னொரு பாதையின் இரண்டு இன்ஜின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்க முடிந்தது, காரணம் அதுவும் இதுவும் ஒரே அகலம், 2 அடி 3 அங்குலம். அதனால் பாட்டி சொன்ன இரண்டரை அடியிலேயே நிற்காதீர்கள். பழைய சக்கரமும் வண்டியும் எந்த அகலத்தில் கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, பாதுகாப்பு. உங்களுக்கு நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

நான் பழகுநர் ஃபயர்மேனாக இருந்த வருஷம், ஒரு ஜூலை மாதம். காலை ஐந்தரைக்கு ஷெட்டுக்குப் போனேன். குளிர்ந்த பாய்லரில் தீ மூட்டுவது என் வேலை. விறகும் எண்ணெய்த் துணியும் அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுவோம். இரும்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிய வேண்டும், அவசரப்படுத்தினால் மூட்டுகள் கசியும். எங்கள் சின்ன இன்ஜினுக்கே ஸ்டீம் ஏற நாலு மணி நேரம் பிடிக்கும்.

மூட்டும் முன் பார்க்க வேண்டியது கேஜ் கிளாஸ். டிரைவர் நிற்கும் இடத்தில் பாய்லரின் முகத்தில் செங்குத்தாக இரண்டு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று காட்டுவது அவைதான். அன்றைக்கு இரண்டிலும் தண்ணீர்க் கோடே தெரியவில்லை. முந்தின நாள் ஆட்கள் இன்ஜினை விடும்போது கழுத்து வரை நிரப்பிவிட்டுப் போவது வழக்கம். அதனால் கண்ணாடி முழுக்க நிரம்பியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நிரம்பிய கண்ணாடியும் காலிக் கண்ணாடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கீழே உள்ள குழாயைத் திறந்து, தண்ணீர் வடிந்து திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன்.

பக்கத்தில் பித்தளை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், பதினேழு வயசு, வந்து மூன்றாவது வாரம். "கோடு திரும்பவில்லையே" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தகட்டில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகள் வரைந்திருப்பார்கள். முன்னால் தண்ணீர் இருந்தால் அந்தப் பட்டை எதிர்ப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும், காற்று இருந்தால் உள்ளபடியே தெரியும். உள்ளபடியேதான் தெரிந்தது. கண்ணாடி காலி. இரவெல்லாம் ஒரு வால்வ் கசிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது.

தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டேன். கை நடுங்கியது. தீ எரிகிற அறையின் கூரைத் தகட்டை எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் மூடியிருக்கும்வரை, கீழே ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிந்தாலும், தகடு தண்ணீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். 10 பார் அழுத்தத்தில் அது 184 டிகிரி. தண்ணீர் விலகினால் தகடு பழுத்து இளகி, மேலிருக்கும் அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கும். கடைசிக் காவலாகக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். 327 டிகிரியில் ஈயம் உருகி, ஸ்டீம் தீயின் மேல் பீறிட்டு எச்சரிக்கும். அதை நம்பி யாரும் வேலை செய்வதில்லை.

அன்றைக்கு முதல் வண்டி ரத்து. நூறு பேர் பிளாட்பாரத்தில் நின்றார்கள். டிரைவர் அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தார், என்னைத் திட்டவில்லை, நடந்ததை நேரத்தோடு புத்தகத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த வாரமே, தீ மூட்டும் முன் இரண்டு பேர் கண்ணாடியைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது.

தம்பி, உங்கள் எட்டுப் பேரிடம் நான் கேட்பது இதைத்தான். நேற்று வந்த பிள்ளை "நில்லுங்கள்" என்றால் லேத் பட்டறைக்காரரும் நிற்பாரா? பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நின்று, எழுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதும் "இன்றைக்கு ஓடாது" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் தோப்புக்குச் சொந்தக்காரராகவோ இன்ஜின் செய்தவராகவோ இருக்கக் கூடாது. அவர்களுக்கு ஓட வேண்டும் என்ற ஆசை அதிகம்.

இங்கே கூலி கிடையாதே தவிர விதி முழுசாக உண்டு. டிரைவர், ஃபயர்மேன், கார்டு எல்லோருக்கும் கண், காது, நிறம் பிரித்தறிவது வரை மருத்துவச் சோதனை. வந்ததும் கையெழுத்து, அன்றைய அறிவிப்பைப் படித்ததற்கு இன்னொரு கையெழுத்து. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் இன்ஜின் ஏறக் கூடாது. வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு வருகிறவர்களுக்கு இந்தத் தூக்க விஷயம்தான் பெரிய ஆபத்து, அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏரிச் சரிவைப் பற்றி. 1889இல் அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர்ப் பக்கம் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா வண்டி ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து, பின்பாதிச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முன்பாதியை இழுக்கப் பார்த்தார்கள். இன்ஜின் லேசாகப் பின்னால் தட்டியதும் கல் நொறுங்கி, பின்பாதி சரிவில் உருண்டு அடுத்து வந்த வண்டியில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அந்த வருஷமே பிரிட்டனில் பயணி வண்டி முழுவதற்கும் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயமானது. குழாய் அறுந்தாலும் பெட்டி கழன்றாலும் எல்லாச் சக்கரமும் தாமாகவே நிற்க வேண்டும். வேக்குவம் பிரேக்கில் அப்படித்தான், வெற்றிடம் இருக்கும்வரைதான் பிரேக் விலகியிருக்கும், காற்று புகுந்தால் பிடித்துக்கொள்ளும். இன்ஜினில் மட்டும் பிரேக் வைத்து அந்தச் சரிவில் பிள்ளைகளை இறக்காதீர்கள். இன்னும் நல்லது, சரிவுக்கு முன்பே பாதையை முடித்துவிடுவது. 650 மீட்டர் போதும்.

முதல் வருஷம் பயணிகள் வேண்டாம். டீசல் இன்ஜினோடு ஆரம்பியுங்கள். தண்டவாளத்தைத் தினம் காலையில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும், கையில் அகலம் அளக்கும் கோலோடு. மழைக்குப் பிறகு தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை எங்கே அமுங்குகிறது, ஆணி எங்கே எழும்புகிறது என்று ஒரு வருஷம் பார்த்தால்தான் தெரியும். எட்டுப் பேரும் டிரைவராக ஆசைப்படுவீர்கள். கட்டை மாற்றவும் புல் வெட்டவும் யார் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

---

ஜோலார்பேட்டை ஓய்வு:

பாலக்கோட்டுத் தம்பி பாய்லரைச் சொல்லிவிட்டார். நான் பாதையைச் சொல்கிறேன். முப்பத்து நாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர், அதில் முதல் பன்னிரண்டு வருஷம் ஒற்றைப் பாதையில் ஒரு சிறு நிலையம்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் காப்பது டோக்கன். எங்களிடம் இருந்தது நீல்ஸ் டோக்கன் பெட்டி. இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு பெட்டி, கம்பியால் இணைத்தது. இரண்டு மாஸ்டரும் ஒத்துக்கொண்டால்தான் ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை எந்தப் பக்கமும் இன்னொன்று வராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவர் கையில் கொடுப்போம். பந்தின் மேல் இரண்டு நிலையங்களின் பெயரும் வெட்டியிருக்கும்.

அதைப் படித்துத்தான் கொடுக்க வேண்டும், வாங்குகிறவரும் படித்துத்தான் கிளம்ப வேண்டும். ஒரு மழை இரவு, மின்சாரம் இல்லை, மெயில் வண்டி தாமதம், எல்லோருக்கும் அவசரம். எதிர் வண்டி கொண்டுவந்த பையைப் பாயின்ட்ஸ்மேன் என் மேஜையில் வைத்தார். நான் அதையே எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். டார்ச் அடித்துப் பெயரைப் படித்தபோதுதான் தெரிந்தது, அது வண்டி வந்த பக்கத்துப் பந்து, போக வேண்டிய பக்கத்தது இல்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை பெயரை வாய்விட்டுப் படிப்பேன்.

1921இல் பாலக்கோட்டுத் தம்பி இருக்கிற அதே வேல்ஸில், அபர்மியூல் நிலையத்தில் நடந்தது இதே தப்புதான். டிரைவர் கொண்டுவந்து கொடுத்த டோக்கனே கைமாறி அவரிடமே திரும்பிப் போனது. யாரும் படிக்கவில்லை. எதிர் வண்டியில் மோதி 17 பேர் இறந்தார்கள். கருவியில் குறையில்லை.

தம்பி, உங்கள் 800 மீட்டருக்குப் பெட்டியும் பந்தும் தேவையில்லை. ஒரே ஒரு தடி போதும். சிவப்பு வர்ணம் அடித்த, ஒரு முழ நீள மரத்தடி. அது கையில் இல்லாமல் எந்த வண்டியும், தள்ளுவண்டிகூட, பாதையில் இறங்கக் கூடாது. பக்கப் பாதைக்குத் திரும்பும் பாயின்டுக்குப் பூட்டுப் போட்டு, அந்தச் சாவியைத் தடியின் முனையிலேயே பொருத்திவிடுங்கள். தடி இல்லாமல் பாயின்டைத் திருப்பவே முடியாது. இன்னொரு தடி செய்து வைக்கலாமே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டிப்பாதைக்கு: ரயில் ஒவ்வொரு தடவையும் அங்கே முழுசாக நிற்க வேண்டும். கார்டு இறங்கி, சிவப்புக் கொடியோடு பாதையின் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் டிரைவருக்குப் பச்சை. நம் அகலப் பாதையில் ஆளில்லாத லெவல் கிராசிங் எல்லாவற்றையும் 2019 ஜனவரிக்குள் எடுத்துவிட்டார்கள். எத்தனை டிராக்டரைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவருக்குப் பாட்டுச் சத்தத்தில் ஹாரன் கேட்பதில்லை.

---

கூழ் ஆலை லேப் (கிருஷ்ணகிரி):

அண்ணா, நான் ஒரு மாங்கூழ் ஆலையில் லேபில் இருக்கிறேன். சீசனில் தோத்தாபுரிக் கூழைச் சோதிப்பதற்கு முன்னால், தினம் காலை முதல் வேலையாகப் பாய்லர் தண்ணீரைச் சோதிப்பேன். நீராவிதான் வேண்டும் என்று பிற்பாடு முடிவு செய்தால் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நம் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஃப்ளோரைடு பயத்தில்தான் ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பாய்லருக்கு ஃப்ளோரைடை விடக் கடினத்தன்மைதான் எதிரி. இட்லிப் பானை அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அதுதான் பாய்லருக்குள்ளும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே நிற்கும். பாலக்கோட்டு அண்ணா சொன்ன கேஜ் கிளாஸுக்குப் போகும் துளையையும் அது அடைக்கும். 1995இல் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் பக்கம் ஒரு சுற்றுலா நீராவி ரயிலில் அப்படித்தான் ஆனது. தண்ணீரைச் சரியாகப் பக்குவம் செய்யவில்லை, கண்ணாடி உண்மையான மட்டத்தைக் காட்டவில்லை, கூரைத் தகடு கிழிந்து இன்ஜினில் இருந்த மூன்று பேருக்கும் தீக்காயம். அதற்குப் பிறகு அங்கே நீராவி இன்ஜின் விதிகளையே திருத்தி எழுதினார்கள்.

சாஃப்ட்னர் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடும், மொத்த உப்பு குறையாது. ஸ்டீம் போகப் போக மிச்சத் தண்ணீரில் உப்பு கூடி நுரைக்கும். நுரை ஸ்டீமோடு சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டர் மூடியே உடையும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே ஓட்டம். ஷெட் கூரையிலிருந்து மழைத் தண்ணீரைப் பிடித்து மூடிய தொட்டியில் வையுங்கள், அதைவிட நல்ல தண்ணீர் நம் பக்கம் கிடைக்காது.

இன்னொன்று. பாய்லர் என்றால் அரசு ஆய்வாளரிடம் பதிவு, வருஷா வருஷம் ஆய்வு, சான்றிதழ் உள்ள பாய்லர் அட்டெண்டன்ட், எல்லாம் வேண்டும். 1923இன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. லேத் பட்டறையில் நாமே செய்து பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம் அண்ணா. வெல்டிங் மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

---

தோப்புக்காரன் (காரிமங்கலம்):

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் தோப்பில் உட்கார்ந்து இதை உரக்கப் படித்தோம். லேத் பட்டறை நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே எழுந்து போய் ஒரு வேலமரக் கட்டையைக் கொண்டுவந்து, "தடியை நான் கடைந்து தருகிறேன்" என்றார்.

டீசல்தான் முதலில். ஏரிச் சரிவுக்கு முன்பே பாதை முடியும். "இன்றைக்கு ஓடாது" என்று சொல்கிற ஆளாக ஆசிரியையைத் தேர்ந்தெடுத்தோம், அவர் நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: காரணம் கேட்கலாம், மறுக்கக் கூடாது. ஒரே ஒரு சந்தேகம் அண்ணா, அந்தப் புத்தகத்தில் என்னவெல்லாம் எழுதுவீர்கள்?

---

பாலக்கோட்டான்:

தேதி, வந்தவர்கள் பெயர், வந்த நேரம். பாதை நடந்து பார்த்தவர் யார், என்ன பார்த்தார். பிரேக் சோதனை, அதற்கு இரண்டு கையெழுத்து. அன்றைக்கு யார் எதற்காக நிறுத்தச் சொன்னார்கள், அது சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பக்கத்தைக் கிழிக்க முடியாத தையல் நோட்டாக வாங்குங்கள்.

நான் சொன்ன அந்தப் பெண் இப்போது டிரைவர். நாளைக் காலை அவளுக்கு நான்தான் ஃபயர்மேன். ஐந்தரைக்குத் தீ மூட்ட வேண்டும், படுக்கப் போகிறேன் தம்பி.